அந்த ரிப்போர்ட் எந்தத் தண்ணீருடையது?

கேள்வி: காரிமங்கலம் பக்கம் சின்ன ஊர் எங்களுடையது. ஜல் ஜீவன் திட்டத்தில் தண்ணீர் பரிசோதிக்கும் கிட் கொடுத்து எங்கள் ஊரில் ஐந்து பெண்களுக்குப் பயிற்சி தந்தார்கள். அதில் நானும் ஒருத்தி. போன மாதம் தெருக்குழாய்த் தண்ணீரைச் சோதித்தபோது ஃபுளோரைடு லிட்டருக்கு 2 மில்லிகிராமுக்குப் பக்கத்தில் காட்டியது. பஞ்சாயத்தில் சொன்னால், இரண்டு வருடத்துக்கு முந்தைய ஆய்வக ரிப்போர்ட்டை எடுத்து நீட்டி, “0.9தான்னு போட்டிருக்கு, குடிக்கலாம்னு எழுதியிருக்கு, கிட்டை எல்லாம் நம்பாதீங்க” என்கிறார்கள். ஒகேனக்கல் காவிரித் தண்ணீர் எங்களுக்கு வாரத்தில் நாலு நாள் வருகிறது. வராத நாளில் பழைய போர்த் தண்ணீரை அதே டேங்கில் ஏற்றி விடுகிறார்கள். எட்டு வயது மகனுக்கு முன்பல்லில் வெள்ளைக் கோடுகள் தெரிகின்றன. தண்ணீரைச் சுத்தம் செய்யும் ஆர்ஓ மிஷின் வாங்கிவிடலாம் என்கிறார் கணவர். விற்க வந்தவர் எங்கள் தண்ணீரில் கம்பியை விட்டுக் காட்டினார், ஐந்து நிமிடத்தில் சேறு மாதிரி ஆகிவிட்டது. நான் எதை நம்புவது?

பதில்:

அன்புள்ள சகோதரி,

உங்கள் கிட் சொன்னதும் சரியாக இருக்கலாம், பஞ்சாயத்து காட்டிய ரிப்போர்ட்டும் சரியாக இருக்கலாம். இரண்டும் ஒரே தண்ணீரைப் பற்றியவை என்று நினைப்பதில்தான் குழப்பம். உங்கள் ஊர் டேங்கில் வாரத்துக்கு இரண்டு தண்ணீர் ஏறுகிறது. அப்படியானால் அந்த 0.9 எந்தத் தண்ணீருக்கு?

அடுத்த முறை அந்த ரிப்போர்ட்டைக் கையில் வாங்கிப் பாருங்கள். எல்லோரும் நேராகக் கடைசி வரிக்குப் போய் “குடிக்க உகந்தது” என்பதைத்தான் தேடுவார்கள். நீங்கள் மேலே உள்ள நாலு வரியைப் படியுங்கள். மாதிரி எடுத்த இடம், நீராதாரம், எடுத்த தேதி, எடுத்தவர். “பொதுக் குழாய், மேற்படி ஊராட்சி” என்று மட்டும் இருந்தால் அந்தக் காகிதத்தால் உங்களுக்கு அதிகப் பயனில்லை. ஒகேனக்கல் தண்ணீர் வந்த நாளில் பிடித்திருந்தால் 0.9 வந்ததில் ஆச்சரியமே இல்லை. ஆய்வகம் கேனில் வந்த தண்ணீரைத்தான் சோதிக்கும். கேனுக்குள் யார் எதைப் பிடித்து ஊற்றினார்கள் என்பது ஆய்வகத்துக்குத் தெரியாது.

இதை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன். ஆய்வகத்தில் வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு நாள் ஏழு கேன்கள் வந்தன. ஏழு ஊர், ஏழு போர், ஏழு சீட்டு. ஒழுங்காக உட்கார்ந்து சோதித்தேன். முதல் கேனில் டிடிஎஸ், அதாவது தண்ணீரில் கரைந்திருக்கும் உப்புகளின் மொத்த அளவு, 640 வந்தது. இரண்டாவதிலும் 640-ஐ ஒட்டி. குளோரைடு ஒன்றே, கடினத்தன்மை ஒன்றே. மூன்றாவது கேனில் மீட்டர் பழுது என்று நினைத்து அதைத் திரும்பத் தரப்படுத்தினேன். நாலாவது கேனில்தான் உறைத்தது: மீட்டர் நன்றாக இருக்கிறது, ஏழு ஊருக்கும் போகச் சோம்பல்பட்டு யாரோ ஏழு கேனையும் ஒரே குழாயில் பிடித்து வந்திருக்கிறார்கள். அன்று அந்தச் சீட்டுகளை நம்பி ஏழு ரிப்போர்ட்டில் கையெழுத்துப் போட்டிருந்தால், ஏழு ஊர் மக்களிடமும் இன்றைக்கு யாராவது ஒருவர் அதைக் காட்டிக்கொண்டிருப்பார். உங்கள் ரிப்போர்ட் அப்படித்தான் வந்தது என்று சொல்லவில்லை. எங்கே, எந்த நாள், எந்த மோட்டார் ஓடும்போது பிடித்தது என்று கேட்கும் உரிமை உங்களுக்கு உண்டு என்கிறேன், அவ்வளவுதான்.

இப்போது உங்கள் கிட்டுக்கு வருவோம். அதையும் கொஞ்சம் சந்தேகப்படத்தான் வேண்டும். ஃபுளோரைடுக்கு ஊற்றும் மருந்து தண்ணீரில் இளஞ்சிவப்பாக நிற்கும். ஃபுளோரைடு கூடக் கூட மஞ்சளை நோக்கிப் போகும். தண்ணீரில் குளோரின் மிச்சம் இருந்தாலும் அந்த நிறம் வெளுக்கும். அதாவது, டேங்கில் அப்போதுதான் பிளீச்சிங் பவுடர் போட்டிருந்தால் இல்லாத ஃபுளோரைடைக் கிட் இருப்பதாகக் காட்டக்கூடும். ஆகவே அடுத்த முறை தண்ணீரை அகலமான பிளாஸ்டிக் பாத்திரத்தில் பிடித்து, இரவு முழுக்கத் திறந்து வைத்து, மறுநாள் சோதியுங்கள். இன்னும் நல்லது, டேங்குக்கு ஏறும் முன்பே போர் மோட்டார் வாயில் பிடிப்பது. மருந்து பாட்டிலில் காலாவதித் தேதியைப் பாருங்கள். நிறத்தை நிழலில், பின்னால் வெள்ளைக் காகிதம் வைத்து ஒப்பிடுங்கள். உச்சி வெயிலில் பார்த்தால் 1-ம் 2-ம் ஒன்றுபோலத்தான் இருக்கும். கிட் ஒரு சந்தேகத்தைக் கிளப்பும். தீர்ப்புக்கு ஆய்வகத்துக்குத்தான் போக வேண்டும். ஆனால் அதைக் காரணம் காட்டி “கிட்டை நம்பாதீங்க” என்று ஒதுக்குவது தவறு. சந்தேகம் வந்தால் ஆய்வகத்துக்கு அனுப்பத்தானே அந்தக் கிட்டையே கொடுத்தார்கள்?

எங்கே எடுப்பது என்பதுதான் முக்கியம். மூன்று கேன் வேண்டும்.

முதல் கேன், போரில் நேராக. மோட்டாரைப் போட்டு பத்துப் பதினைந்து நிமிடம் ஓட விடுங்கள். குழாய்க்குள் தேங்கிய பழைய தண்ணீர் போய்விட வேண்டும். இரண்டாவது, ஒகேனக்கல் தண்ணீர் உங்கள் ஊருக்குள் நுழையும் இடத்தில், டேங்கில் விழுவதற்கு முன். மூன்றாவது, கடைசித் தெருவின் கடைசிக் குழாயில், போர்த் தண்ணீர் மட்டும் விடும் நாளில். கேன் புது பிளாஸ்டிக்காக இருக்கட்டும். கண்ணாடி வேண்டாம், ஃபுளோரைடு கண்ணாடியோடு சேட்டை பண்ணும். கூல்டிரிங்ஸ் பாட்டில், எண்ணெய் கேன் எதுவும் ஆகாது. அதே தண்ணீரால் மூன்று முறை அலசிக் கொட்டிவிட்டு, விளிம்பு வரை நிரப்பி மூடுங்கள். ஒரு லிட்டர் போதுமா, இரண்டு லிட்டர் வேண்டுமா என்று ஆய்வகத்தில் முன்பே கேட்டுக்கொள்வது நல்லது. தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்துக்கு மாவட்டத்தில் ஆய்வகம் இருக்கிறது. பொதுமக்களும் கட்டணம் கட்டி அங்கே சோதித்துக்கொள்ளலாம். பஞ்சாயத்து மூலம் அனுப்பினால் அந்தச் செலவும் உங்கள் தலையில் விழாது.

கிருமிச் சோதனைக்கு இந்தக் கேன் உதவாது, அதற்கு ஆய்வகமே கொதிநீராவியில் சுத்தம் செய்த பாட்டில் தரும். அதில் குளோரினை முறிக்க ஒரு மருந்து முன்பே போட்டிருப்பார்கள். பார்த்தால் கொஞ்சம் பொடி ஒட்டியிருப்பது போல் இருக்கும், அழுக்கு என்று நினைத்து அலசிவிடாதீர்கள். பாதிப் பேர் செய்யும் தவறு அது. ஐஸ் பெட்டியில் வைத்து ஆறு மணி நேரத்துக்குள் சேர்த்துவிடப் பாருங்கள். எப்படிப் போனாலும் ஒரு நாளைத் தாண்டக் கூடாது.

மூன்று ரிப்போர்ட்டும் வந்ததும் கணக்கு எளிது. உதாரணத்துக்குச் சொல்கிறேன்: போரில் லிட்டருக்கு 2.4 மில்லிகிராம், ஆற்றுத் தண்ணீரில் 0.3 என்று வைத்துக்கொள்ளுங்கள். டேங்கில் இரண்டு பங்கு ஆற்றுத் தண்ணீரும் ஒரு பங்கு போர்த் தண்ணீரும் கலந்தால் 1.0. பாதிக்குப் பாதி என்றால் 1.35. ஆற்றுத் தண்ணீர் வராத மூன்று நாள்? முழு 2.4. வாரத்தில் எந்த நாள் பிடித்தாலும் வேறு வேறு எண் வரும், எல்லாமே உண்மையாகவும் இருக்கும். உங்கள் 0.9-க்கும் 2-க்கும் நடுவில் நடப்பது இதுதான் என்பது என் ஊகம்.

இனி, பஞ்சாயத்தில் பேச ஒரு முக்கியமான விஷயம். இந்தியக் குடிநீர்த் தர அளவு, ஐஎஸ் 10500, ஃபுளோரைடுக்கு இரண்டு எண் சொல்கிறது. ஏற்கத்தக்கது லிட்டருக்கு 1.0 மில்லிகிராம். 1.5 வரை போகலாம் என்பது வேறு நீராதாரம் இல்லாத இடத்துக்கு மட்டும். பலரும் அந்த இரண்டாவது எண்ணை மட்டும் மனப்பாடம் செய்துகொண்டு “ஒன்றரை வரைக்கும் ஓகே” என்பார்கள். உங்கள் ஊருக்கு வேறு நீராதாரம் இல்லையா என்ன? ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் எதற்காக வந்தது? 2008-இல் அடிக்கல் நாட்டி, 2013-இல் தண்ணீர் விட்ட அந்தத் திட்டத்தின் பெயரிலேயே ஃபுளோரோசிஸ் (ஃபுளோரைடு மிகுந்து பல்லும் எலும்பும் கெடும் நோய்) பாதிப்பைத் தணிப்பது என்று இருக்கிறது. ஜப்பான் நாட்டின் ஜைகா நிறுவனம் கடன் கொடுத்ததும் இதற்குத்தான். தர்மபுரி, கிருஷ்ணகிரி இரண்டு மாவட்டத்துக்கும் காவிரித் தண்ணீரைக் கொண்டுவந்து, அதில் போர்த் தண்ணீரைக் கலந்து ஏற்றினால் பாதி வேலைதான் நடந்திருக்கிறது என்று அர்த்தம். உங்கள் ஊருக்கு 1.0 தான் அளவு என்று தைரியமாகச் சொல்லுங்கள்.

ஏன் நம் பக்கத்தில் மட்டும் இந்தத் தொல்லை என்று எல்லோரும் கேட்கிறார்கள். நம் பக்கத்தில் மட்டும் இல்லை. 1937-இலேயே அன்றைய சென்னை மாகாணத்தின் நெல்லூர்ப் பகுதியில் இது மருத்துவ உலகுக்குத் தெரியவந்துவிட்டது. நமக்குக் காரணம் பாறை. தர்மபுரி, கிருஷ்ணகிரி இரண்டுக்கும் கீழே கிடப்பது கருங்கல் வகைக் கடினப் பாறைதான். 2004-இல் மாவட்டம் பிரிந்தது, பாறை பிரியவில்லை. பாறையின் கனிமங்களில் உள்ள ஃபுளோரைடு, வெடிப்புகளில் நெடுங்காலம் தேங்கும் தண்ணீரில் மெல்லக் கரைகிறது. அந்தக் காலத்தில் முப்பது நாற்பது அடிக் கிணற்றில், போன மழைக்கு இறங்கிய தண்ணீரைக் குடித்தோம். இப்போது ஆயிரம் அடி போகிறோம். அங்கே கிடப்பது பாறையோடு வெகுகாலம் பழகிய தண்ணீர்.

இதில் ஒரு விபரீதம் உண்டு. ஃபுளோரைடுக்கு நிறம் இல்லை, மணம் இல்லை, ருசி இல்லை. ஊரில் ‘உப்புத் தண்ணி’, ‘நல்ல தண்ணி’ என்று பிரிப்போமே, அந்தப் பிரிவுக்கும் இதற்கும் சம்பந்தமே கிடையாது. சில இடத்தில் தலைகீழாகவும் இருக்கும். கால்சியம் நிறைய உள்ள தண்ணீரில் ஃபுளோரைடு அதிகம் நிற்க முடியாது, கால்சியத்தோடு சேர்ந்து படிந்துவிடும். கால்சியம் குறைந்து, சோடா உப்புத் தன்மை தூக்கலாக உள்ள தண்ணீரில்தான் அது ஏறும். அந்தத் தண்ணீர் எப்படி இருக்கும் தெரியுமா? வாய்க்கு மென்மையாக இருக்கும். சோப்பு நுரைக்கும். பருப்பு ஒரு கொதியில் குழையும். “இந்த போர்த் தண்ணியிலதான் பருப்பு நல்லா வேகும்” என்று ஊரே ஒரு போரைத் தேடிப் போனால், நான் முதலில் சோதிக்கச் சொல்வது அந்த போரைத்தான்.

உங்கள் மகனுக்கு வருகிறேன். நான் மருத்துவன் அல்ல. பல் மருத்துவரிடம் கட்டாயம் காட்டுங்கள். தர்மபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை உங்களுக்குப் பக்கம்தான். ஆனால் தண்ணீர் பக்கமிருந்து ஒன்று சொல்ல முடியும். எட்டு வயதில் தெரியும் முன்பல், ஈறுக்குள் உருவானது அவன் கைக்குழந்தையாக இருந்ததிலிருந்து நாலைந்து வயதுக்குள். அந்தக் கோடுகள் ஃபுளோரைடால் வந்தவை என்றால், அவை காட்டுவது அவன் அப்போது குடித்த தண்ணீரை. ஆக, பிள்ளை அந்த வயதில் எங்கே இருந்தான், அங்கன்வாடியில் எந்தத் தண்ணீர், பாட்டி வீட்டில் இருந்தானா என்பதையெல்லாம் யோசித்து எழுதி வையுங்கள், மருத்துவருக்கும் உதவும். வந்த கோடு தேய்த்தால் போகாது. பயந்துபோகவும் வேண்டாம். எலும்பு, மூட்டு வரை பாதிக்கப் பொதுவாக லிட்டருக்கு 3 மில்லிகிராமுக்கு மேல் உள்ள தண்ணீரைப் பல வருடம் குடித்திருக்க வேண்டும். வீட்டில் அவனைவிடச் சின்னப் பிள்ளை இருந்தால் கவனம் அதன்மேல் இருக்கட்டும். அதன் பல் இப்போதுதான் உருவாகிக்கொண்டிருக்கிறது.

ரிப்போர்ட் வரும் வரை என்ன செய்வது? ஒகேனக்கல் தண்ணீர் வரும் நாளில் குடிக்கவும் சமைக்கவும் மட்டும் தனியாகப் பிடித்து வையுங்கள். நாலு பேர் வீட்டுக்கு ஒரு நாளைக்கு இருபத்தைந்து லிட்டர் தாராளம். மூன்று நாளைக்கு ஐந்து குடம். மூடி போட்ட பாத்திரத்தில் வைத்து, சொம்பை உள்ளே விட்டு மொள்ளாமல் குழாய் வைத்தோ சாய்த்தோ எடுங்கள். இரண்டு நாளில் குளோரின் போய்விடும் என்பதால் அந்தத் தண்ணீரைக் காய்ச்சிக் குடிக்கலாம். போர்த் தண்ணீரைக் காய்ச்சுவதில் மட்டும் ஏமாந்துவிடாதீர்கள். கிருமி சாகும், ஃபுளோரைடு போகாது. ஆவியாகப் போவது தண்ணீர்தான், மிஞ்சியதில் ஃபுளோரைடு இன்னும் கொஞ்சம் கெட்டிப்படும்.

சமையலுக்கும் என்று ஏன் சேர்த்தேன் என்றால், நம் வீட்டுக் களி. சோறு வடித்தால் கொஞ்சம் கஞ்சியோடு போகும். களிக்கு வைத்த உலைத் தண்ணீரில் ஒரு சொட்டு வெளியே போவதில்லை, அத்தனையும் உருண்டைக்குள். அதற்காக ராகியை நிறுத்திவிடாதீர்கள், அதில் உள்ள கால்சியம் பிள்ளைக்கு வேண்டும். உலைக்கு நல்ல தண்ணீரை வையுங்கள். பால், மோர் முடிந்தவரை கொடுங்கள். டீத்தூளிலேயே ஃபுளோரைடு உண்டு, எனவே பிள்ளைக்குக் கட்டன் சாயா வேண்டாம்.

மிஷின்காரர் செய்து காட்டியது பழைய வித்தை. அவர் விட்ட கம்பிகளில் ஒன்று இரும்பு. கரண்ட் விட்டால் அந்த இரும்பே கரைந்து துருவாக மிதக்கும். தண்ணீரில் உப்பு இருந்தால் கரண்ட் ஓடும், சேறு வரும். ஆர்ஓ தண்ணீரில் உப்பு இல்லை, கரண்ட் ஓடாது, தெளிவாகவே நிற்கும். அடுத்த முறை வந்தால், அவருடைய சுத்தமான தண்ணீரில் ஒரு சிட்டிகை சமையல் உப்பைப் போட்டு அதே கம்பியை விடச் சொல்லுங்கள். அதுவும் சேறாகும். ஆர்ஓ மிஷின் ஃபுளோரைடைக் குறைக்கும், அது உண்மை. ஆனால் உள்ளே வடிகட்டும் சவ்வு (மெம்பிரேன்) தேய்ந்த பிறகு சரியாகக் குறைக்காது. அவர்கள் கையில் வைத்திருக்கும் பேனா மாதிரி டிடிஎஸ் மீட்டர் ஃபுளோரைடு எவ்வளவு என்று சொல்லாது. வாங்குவதாக இருந்தால் மிஷினில் இருந்து வரும் தண்ணீரை வருடம் ஒரு முறையாவது கேனில் பிடித்து ஆய்வகத்துக்கு அனுப்பத் தயாராக இருங்கள். என்னைக் கேட்டால், மூன்று கேனுக்கும் முடிவு வரட்டும், அதுவரை பணத்தைக் கையில் வையுங்கள். குறை டேங்கில் இருக்கிறது என்றால் சரிசெய்ய வேண்டியதும் அங்கேதான். நீங்கள் மிஷின் வாங்கிவிட்டால் பக்கத்து வீட்டுப் பிள்ளை என்ன குடிக்கும்?

பஞ்சாயத்தில் என்ன கேட்பது? போரை மூடச் சொல்லாதீர்கள், கோடையில் அதுவும் வேண்டும். போர்த் தண்ணீரைப் பெரிய டேங்கில் ஏற்றாமல், தெருவில் இருக்கும் சின்டெக்ஸ் தொட்டிகளுக்குத் தனியாக விடச் சொல்லுங்கள். துவைக்க, மாட்டுக்கு, கழிப்பறைக்கு அது போதும். டேங்கில் ஒகேனக்கல் தண்ணீர் மட்டும். சில இடத்தில் கொஞ்ச தூரம் பைப் போட்டாலே முடிந்துவிடும் வேலை இது. பிறகு, ஒவ்வொரு நீராதாரத்துக்கும் வருடம் ஒரு முறை ரசாயனச் சோதனை, மழைக்கு முன்னும் பின்னுமாக இரண்டு முறை கிருமிச் சோதனை என்பது ஜல் ஜீவன் திட்டத்தின் கணக்கு. இரண்டு வருடப் பழைய ரிப்போர்ட்டை இன்றும் நீட்டுகிறார்கள் என்றால் நடுவில் எடுத்தவை எங்கே என்று கேளுங்கள். ரசாயனச் சோதனையை மே மாதத்தில், மட்டம் இறங்கிக் கிடக்கும்போது எடுக்கச் சொல்லுங்கள். ஐப்பசி மழை முடிந்த கையோடு எடுத்தால் பல போர்கள் நல்ல பிள்ளையாகத் தெரியக்கூடும்.

வாயால் சொன்னால் காற்றோடு போய்விடும். கிராம சபையில் மனுவாகக் கொடுத்துத் தீர்மானத்தில் ஏற்றுங்கள். மார்ச் 22, உலகத் தண்ணீர் தினத்தன்றும் இப்போது கிராம சபை கூடுகிறது. இதற்கு அதைவிடப் பொருத்தமான நாள் இல்லை. பயிற்சி எடுத்த ஐந்து பேரும் சேர்ந்து கையெழுத்துப் போட்டால் “கிட்டை நம்பாதீங்க” என்று சொல்வது அவ்வளவு சுலபமாக இருக்காது.

கிட்டில் இருக்கும் இன்னொரு சோதனையை நீங்கள் குறிப்பிடவே இல்லை: குளோரின். ஃபுளோரைடு வருடக்கணக்கில் வேலை செய்யும், கிருமி ஒரே ராத்திரியில் ஊரைப் படுக்க வைத்துவிடும். கடைசிக் குழாயில் லிட்டருக்கு 0.2 மில்லிகிராமாவது குளோரின் மிச்சம் இருக்க வேண்டும். டேங்கடியில் காட்டி, கடைசித் தெருவில் காட்டவில்லை என்றால் நடுவில் எங்கோ வால்வுக் குழியிலோ உடைந்த பைப்பிலோ சாக்கடை உள்ளே போகிறது என்று சந்தேகப்படலாம். டேங்க் ஆப்பரேட்டர் பவுடரை அப்படியே கொட்டுகிறாரா, வாளியில் கரைத்து சுண்ணாம்பு அடியில் தங்கிய பிறகு தெளிவை மட்டும் ஊற்றுகிறாரா என்று ஒரு நாள் காலையில் போய்ப் பாருங்கள். போட்டு அரை மணி நேரம் கழித்துத்தான் திறந்துவிட வேண்டும். இந்தச் சோதனைக்கு ஐந்து நிமிடம்கூட ஆகாது, வாரம் ஒரு முறை செய்து நோட்டில் எழுதுங்கள்.

மூன்று ரிப்போர்ட்டும் வந்ததும் நகல் எடுத்து எனக்கு அனுப்புங்கள், போரின் ஆழத்தையும் எழுதுங்கள். கேன் மேல் ஸ்கெட்ச் பேனாவால் எழுத வேண்டாம், ஈரம் பட்டால் அழிந்துவிடும். அட்டையில் பென்சிலால் இடம், தேதி, நேரம், அன்று எந்த மோட்டார் ஓடியது என்று எழுதி, கேன் கழுத்தில் நூலால் கட்டுங்கள்.